உண்ணாமுலை

என்னிடம் எம்.ஏ. படித்த ஒரு பெண் போன மார்கழியில் அழைத்தாள். பிரசவமாகி ஒன்பது நாள். செங்கம் பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பெண் குழந்தை. குரலில் களைப்பு இருந்தது, ஆனால் கேட்க வந்ததை நேராகக் கேட்டாள்.

"பதினோராம் நாள் பேர் வைக்கணுங்கம்மா. அவரோட கொள்ளுப்பாட்டி பேரு உண்ணாமலை. அந்தப் பேரத்தான் வைக்கணும்னு மாமியா சொல்றாங்க. அவருக்குப் பிடிக்கல, பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்கன்றார். ஐயர்தான் சமாதானம் பண்ணி 'அபிதா'ன்னு வைங்க, ரெண்டும் ஒண்ணுதான்னு சொன்னார். பேர் புத்தகத்துல பார்த்தா 'அச்சமற்றவள்'னு போட்டிருக்கு. உண்ணாமலைக்கும் அச்சமில்லாததுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

அன்று அவளுக்கு அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். இந்தக் கட்டுரை அந்தப் பதிலின் மீதி.

ஐயர் சொன்னதும் சரி. புத்தகம் சொன்னது தவறு, ஆனால் அந்தத் தவறு நடந்த விதம்தான் இங்கே விஷயம். திருவண்ணாமலைக் கோயிலில் அண்ணாமலையாருக்குத் துணையாக நிற்கும் அம்மனின் பெயர் உண்ணாமுலை. அதை வடமொழியில் அபீதகுசாம்பாள் என்பார்கள். பிரித்தால் அ, பீத, குச, அம்பாள். பீத என்றால் குடிக்கப்பட்ட. அபீத என்றால் குடிக்கப்படாத. குசம் என்றால் முலை. குடிக்கப்படாத முலைகளையுடைய அம்மை. தமிழை அப்படியே மொழிபெயர்த்திருக்கிறார்கள், ஓர் எழுத்துக்கூட மிகையில்லை. அந்த நீளப் பெயரை வீட்டுக்குள் செல்லமாகச் சுருக்கும்போது முன்பாதி நின்றது: அபிதா. 'குடிக்கப்படாத' என்ற அடைமொழி மட்டும் மிஞ்சியது. எது குடிக்கப்படவில்லை என்பது போய்விட்டது. லா.ச. ராமாமிர்தம் 1970-ல் தம் நாவலுக்கு 'அபிதா' என்று பெயர் வைத்தபோது அது உண்ணாமுலையம்மனின் பெயரிலிருந்து வந்தது என்பதை அறிந்தே வைத்தார். அதன் பிறகு அந்தப் பெயரை வைத்த எத்தனை பெற்றோருக்கு அது தெரிந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

தமிழ் எழுத்தில் ஒரே ஒரு 'ப', ஒரே ஒரு 'த'. வடமொழியில் இரண்டுக்கும் நான்கு நான்கு ஒலிகள். எனவே தமிழில் எழுதிய 'அபிதா'வை எடுத்துக்கொண்டு வடமொழி அகராதிக்குள் போனால் குறைந்தது மூன்று கதவுகள் திறக்கும். வல்லொலிப் 'ப'வோடு போனால் குடிக்கப்படாதவள். மூச்சொலியோடு கூடிய 'ப'வோடு போனால் அச்சமற்றவள். இரண்டு எழுத்தையும் மூச்சொலியாக்கி, நடு எழுத்தைக் குறிலாக வைத்துக்கொண்டால், அபிதா என்பதற்கு 'பெயர்' என்றே பொருள். அணியிலக்கணக்காரர்கள் சொல்லின் நேர்ப்பொருளைக் குறிக்கவும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். பெயர் புத்தகம் எழுதியவர் இரண்டாவது கதவைத் திறந்திருக்கிறார். பொய் சொன்னார் என்று நான் சொல்லமாட்டேன். 'பால் குடிக்கப்படாத முலை' என்று அச்சடித்த ஒரு பெயர் புத்தகத்தை எந்தத் தகப்பனாவது காசு கொடுத்து வாங்குவாரா?

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: அந்தப் பெண்ணின் மாமியார் சொன்ன பெயரும் உண்ணாமுலை அல்ல, உண்ணாமலை. வடாற்காட்டு ஊர்களிலும் செட்டிநாட்டு வீடுகளிலும் இந்தப் பெயருள்ள பெண்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். குடும்ப அட்டையில், பத்திரத்தில், கல்யாணப் பத்திரிகையில் பெரும்பாலும் 'மலை'தான். உண்ணாத மலை என்றால் என்ன? பொருளே இல்லை. அண்ணாமலையோடு ஓசை சேர்ந்து 'மு' மருவி 'ம' ஆகியிருக்கலாம், வாய்க்கு எளிது. எழுதப் படிக்கத் தெரிந்த யாரோ ஒரு குமாஸ்தா கூச்சப்பட்டுத் திருத்தியும் இருக்கலாம். எப்படி ஆனாலும், ஐயர் வழியாக வந்த பெயரிலும் முலை இல்லை, ஆயா வழியாக வந்த பெயரிலும் முலை இல்லை.

பெயரின் இலக்கணத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். தமிழ் வாத்தியாருக்கு இந்த இடத்தைத் தாண்டிப் போக முடியாது. வாடாமலர், பொய்யாமொழி போல உண்ணாமுலையும் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். 'உண்ணாத' என்பதில் கடைசி 'த' கெட்டு நிற்கிறது. ஆனால் மலர் தானே வாடும். முலை உண்பதில்லை, உண்ணப்படுவது. செய்வினை வடிவத்தில் செயப்பாட்டுவினைப் பொருள். 'குடிக்காத தண்ணீர்', 'உடுத்தாத சேலை' என்று நாம் தினமும் பேசுவது இப்படித்தான். உடுத்தாத சேலை என்றால் யார் உடுத்தவில்லை என்று சேலை சொல்லாது. உண்ணாமுலையும் யார் உண்ணவில்லை என்று சொல்லவில்லை.

அண்ணாமலையும் அதே அச்சில் வார்த்த பெயர். அண்ணுதல் என்றால் கிட்டுதல், நெருங்குதல். அண்ணா மலை, கிட்ட முடியாத மலை. பிரமன் அன்னமாகப் பறந்தும் திருமால் பன்றியாகத் தோண்டியும் அடிமுடி காணாத கதை அந்தப் பெயருக்குள்ளேயே இருக்கிறது. கிட்டப்படாதவன், உண்ணப்படாதவள். கணவன் பெயரும் மனைவி பெயரும் இரண்டு எதிர்மறைகள். முதல் எதிர்மறைக்கு ஆயிரம் உரை இருக்கிறது, அதன் மேல் ஒரு தத்துவமே கட்டியிருக்கிறார்கள். இரண்டாவதைப் பற்றிக் கேட்டால் "அம்பாள் பேரு, அவ்வளவுதான்" என்று விட்டுவிடுகிறார்கள்.

பெயர் பழையது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் அண்ணாமலையில் பாடிய பதிகம் ஒன்றின் முதல் சொல்லே இதுதான். அங்கே அது உமைக்கு அடைமொழியாக வருகிறது, தனிப்பெயராக அல்ல. தேவாரக்காரர்கள் உமையை இப்படி உறுப்பு உறுப்பாக அழைத்துக்கொண்டே போவார்கள். கூந்தல், கண், இடை, மொழி, முலை. ஈசனைப் பாடும் பாட்டில் பாதி இடத்தை அவள் உடம்பு பிடித்துக்கொள்ளும். பிறகு, 11-ஆம் நூற்றாண்டுக்குப் பின், சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னிதி, அந்தக் காலத்துப் பேச்சில் திருக்காமக்கோட்டம், எழுப்புவது பரவலானபோது ஒவ்வோர் ஊரிலும் அவளுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. பாட்டில் அடைமொழியாக ஓடிய சொற்கள் பல கோயிலில் பெயராக உட்கார்ந்தன. திருச்சிராப்பள்ளியில் மட்டுவார்குழலி, திருவாலங்காட்டில் வண்டார்குழலி, மறைக்காட்டில் யாழைப் பழித்த மொழியாள், மதுரையில் அங்கயற்கண்ணி. அடுத்த கட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் வடமொழி உடை தைத்தார்கள். மட்டுவார்குழலி சுகந்த குந்தளாம்பாள் ஆனாள். அங்கயற்கண்ணி மீனாட்சியானாள்.

குழலியும் கண்ணியும் தமிழிலேயே பெண்களுக்குப் பெயராக இன்றும் வைக்கப்படுகின்றன. 'பூங்குழலி' என்று கூப்பிட்டால் தெருவில் யாரும் திரும்பிச் சிரிப்பதில்லை. முடியும் கண்ணும் பெயருக்குள் தங்கிவிட்டன. ஓர் உறுப்பு மட்டும் தங்கவில்லை.

பெண்ணுக்கு உறுப்பின் பெயரை வைக்கும் வழக்கம் தமிழில் இருந்ததா என்று கேட்டால், தஞ்சைப் பெரிய கோயிலின் மதிலைப் பார்க்கச் சொல்வேன். முதலாம் இராசராசன் கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள் அங்கே வீட்டு வரிசைப்படி வெட்டப்பட்டிருக்கின்றன. எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள், எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, ஆண்டுக்கு நூறு கலம் நெல். அதில் ஒருத்தியின் பெயர் எடுத்தபாதம். தில்லைக்கூத்தன் தூக்கிய கால், ஒரு பெண்ணின் பெயர். ஆனால் அந்தக் கால் அவளுடையதல்ல, அவனுடையது. உண்ணாமுலை அப்படி அல்ல. பெயரில் இருப்பது ஒரு பெண்ணின் உடம்பு, அதைச் சுமப்பதும் ஒரு பெண்ணின் உடம்பு.

சரி, யார் உண்ணவில்லை? அவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று நாடே சொல்கிறது. மூத்தவன், அவள் மேனியில் பூசியிருந்ததை வழித்து உருட்டிச் செய்த பிள்ளை. கருவில் இருந்தவன் அல்ல. இளையவன் சிவனின் நெற்றிக் கண்ணிலிருந்து வந்த தீப்பொறி. அல்லது பரிபாடல் சொல்கிறபடி, ஏழு முனிவர்களின் மனைவியரில் அருந்ததி தவிர்த்த அறுவர் சுமந்து சரவணப் பொய்கையில் பெற்றவன். எந்தக் கதையிலும் உமைக்குப் பிரசவ அறை இல்லை. உலகத்துக்கே தாய் என்று அழைக்கப்படுகிறவள் ஒரு நாளும் வலியெடுத்துப் படுத்ததில்லை. (திருச்சிராப்பள்ளியில் பிரசவம் பார்க்கப் போனது கூட அவள் இல்லை. தாயின் வேடத்தில் சிவன்தான் போனார், அதனால் அவருக்குத் தாயுமானவர் என்று பெயர். தாய்மையின் அந்தப் பங்கையும் அவரே எடுத்துக்கொண்டார்.)

புராணங்கள் இதில் ஒரே குரலில் பேசுவதில்லை. சௌந்தர்ய லகரியில் கந்தனும் யானைமுகனும் அவள் மார்பில் பால் குடிக்கிற காட்சி இருக்கிறது. அங்கே வருகிற சொல்லும் 'பீதம்'தான், குடிக்கப்பட்டது. கந்தபுராணத்தில் ஆறு குழந்தைகளை ஒருசேர அணைத்து ஒருவனாக்கிய பிறகு உமை பால் கொடுக்கிறாள். சேக்கிழாரின் பெரிய புராணத்தில், சீகாழிக் குளக்கரையில் அழுத குழந்தைக்குச் சிவன் சொன்னபடி பால் கொடுக்கிறாள். ஆனால் எடுத்து அணைத்து அல்ல, பொற்கிண்ணத்தில் கறந்து. அந்தக் குழந்தைதான் சம்பந்தர். அவள் பாலைக் குடித்தவர் என்று பின்னால் கதை பெற்றவர், அவளை உண்ணாமுலை என்று பாடியிருக்கிறார். சேக்கிழாருக்கு இந்த முரண் தெரிந்துதான் கிண்ணம் வந்ததோ என்று எனக்குச் சில நேரம் தோன்றும். சாத்தியம்தான், நிரூபிக்க முடியாது.

இந்தக் கதைகளில் எல்லாம் உண்மையில் பால் கொடுத்தவர்கள் யார்? சரவணப் பொய்கையில் அழுத குழந்தைகளுக்குக் கொடுத்தவர்கள் கார்த்திகைப் பெண்கள். ஆறு பேர். வானத்தில் ஆறு மீனாக நிற்கிறார்கள், ஒரு மாதத்துக்குப் பெயராக இருக்கிறார்கள், முருகனுக்குக் கார்த்திகேயன் என்று பெயர் வரக் காரணமாக இருக்கிறார்கள். அந்த ஆறு பேரின் தனித்தனிப் பெயர் என்ன என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். எந்த வகுப்பிலும் எனக்குப் பதில் வந்ததில்லை. கதையில் ஒதுங்கி நின்றவள் அருந்ததி. அவள் பெயரைத்தான் கல்யாணத்தில் ஒவ்வொரு பெண்ணுக்கும் வானத்தைக் காட்டிச் சொல்கிறோம். பாலூட்டிய ஆறு பேரும் 'பெண்கள்' என்று ஒரு பன்மைக்குள் போய்விட்டார்கள்.

அந்த ஆறு பேரின் நாள்மீனில்தான் அண்ணாமலையில் தீபம் ஏற்றுகிறார்கள். கார்த்திகை தீபம் முருகன் விழா அல்ல, அது சோதியாக நின்ற சிவனின் விழா என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உண்ணாமுலையின் ஊரில், வருடத்தின் மிகப் பெரிய இரவில், தலைக்கு மேலே பாலூட்டிய பெண்கள் நிற்கிறார்கள். அன்று மாலை தீபம் ஏறும் நேரத்தில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்கள் மட்டும் வெளியே வந்து உள்ளே போவார். கூட்டம் மூச்சை நிறுத்திக்கொண்டு அதைப் பார்க்கும். இடப்பாகத்தை வாங்க அவள் பவழக்குன்றில் தவமிருந்தாள் என்பது தலபுராணம். அர்த்தநாரி உருவத்தில் ஒரு முலைதான் உண்டு. பாதி உடம்பு கேட்டவளுக்குப் பாதி உடம்பு போனது.

செவிலியரைப் பற்றியும் சொல்ல வேண்டும். சங்க அக இலக்கியத்தில் தலைவிக்கு இரண்டு தாயர், பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. மகள் காதலனோடு போய்விட்டால் பாலையில் தேடிக்கொண்டு போகிறவள் செவிலிதான், நற்றாய் வீட்டுக்குள் இருந்து புலம்புவாள். பிற்கால மரபு வளர்க்கும் தாயரை ஐந்தாகப் பிரித்தது. அந்தப் பட்டியல் ஒன்றில் முலைத்தாய் என்றே ஒருத்தி இருக்கிறாள். செல்வர் வீட்டில் பெற்றவள் வேறு, பால் கொடுக்கிறவள் வேறு என்பது சாதாரணமான ஏற்பாடு. அப்படியானால் உண்ணப்படாத முலை என்பது ஓர் அரசியின் அடையாளமும்தான். அவள் உண்ணப்படாமல் இருக்க வேறு யாரோ ஒருத்தி உண்ணப்பட வேண்டும், அவளுடைய சொந்தக் குழந்தை அந்த நேரத்தில் எங்கே படுத்திருந்தது என்று எந்தத் துறையும் பாடவில்லை.

இதை எழுதும்போது எனக்கு ஒரு தயக்கம் இருக்கிறது. 'உண்ணாமுலை' என்ற சொல்லைப் பெண்விடுதலைச் சொல்லாக மாற்றிவிடும் ஆசை எளிதில் வரும். தாய்மைக்குக் கட்டுப்படாத தெய்வம், பால் கொடுக்காமலே அம்மை ஆனவள் என்று ஒரு கவிதை எழுதிக் கைதட்டு வாங்கிவிடலாம். நானே எழுதியிருக்கிறேன். ஆனால் அந்தப் பெயரை முதலில் சொன்ன வாய் ஓர் ஆணின் வாய். பால் கொடுத்துத் தளராத, எப்போதும் இளமையாக இருக்கிற முலை என்று ரசித்துச் சொன்ன வர்ணனையாகத்தான் அது பிறந்திருக்க வேண்டும். பெற்றவளாகவும் இருக்க வேண்டும், கன்னியாகவும் இருக்க வேண்டும் என்ற ஆசை சைவத்தில் மட்டுமா இருக்கிறது? உலகத்தைப் பெற்றும் கன்னி என்று அவளைப் புகழ்கிற பாட்டுகள் தமிழில் எத்தனையோ. குழந்தை குடிக்காதது கணவனுக்காக என்று வாசித்தாலும் பெயர் மறுப்புச் சொல்லாது. காஞ்சியில் அவள் தழுவியபோது இலிங்கத்தில் முலைத்தழும்பு பதிந்தது என்று தலபுராணமே சொல்கிறதே.

ஆனால் பெயர் வைத்தவனோடு பெயரின் வரலாறு முடிவதில்லை. சுமந்தவர்களோடும் அது நடக்கிறது. எட்டுப் பெற்று ஐந்தைப் பிழைக்கவைத்த உண்ணாமலைகள் இருந்தார்கள். களத்து மேட்டில் வேலையை நிறுத்திவிட்டு வந்து மரத்தடித் தூளியிலிருந்து பிள்ளையை எடுத்துப் பால் கொடுத்த உண்ணாமலைகள். தீபத்துக்கு வேண்டிக்கொண்டு பிறந்ததால் அந்தப் பெயர் பெற்றவர்கள். அவர்கள் யாரும் பெயரைப் பிரித்துப் பொருள் பார்த்திருக்கமாட்டார்கள்; பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள்.

சாத்திரம் பெண் பெயருக்கு என்ன சொல்கிறது என்று இந்த அழைப்புக்குப் பிறகு மறுபடி எடுத்துப் பார்த்தேன். பாரஸ்கர கிருஹ்ய சூத்திரம், பெண்ணின் பெயர் ஒற்றைப்படை அசையில், ஆகாரத்தில் முடிய வேண்டும் என்கிறது. மனு இரண்டாம் அத்தியாயத்தில், பெண் பெயர் உச்சரிக்க எளிதாக, கொடுமை தொனிக்காமல், பொருள் தெளிவாக, மனத்துக்கு இனியதாக, மங்களமாக, நெடிலில் முடிவதாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தில் எந்தப் பெயருள்ள பெண்ணைக் கட்டக் கூடாது என்று ஒரு பட்டியல் தருகிறார்: நட்சத்திரப் பெயர், மரத்தின் பெயர், ஆற்றின் பெயர், மலையின் பெயர், பறவை, பாம்பு, வேலைக்காரர், கீழ்ச்சாதியார் பெயர், பயங்கரமான பெயர். ரோகிணி, ரேவதி, சித்திரை, துளசி, கங்கா, காவேரி, பொன்னி, பர்வதம், கிளியம்மாள், நாகம்மாள், காளியம்மாள். தமிழ்நாட்டில் மனு சொல்கிறபடி பெண் தேடியிருந்தால் பாதி மாப்பிள்ளைகள் கல்யாணமாகாமல் இருந்திருப்பார்கள். நம் ஆயாக்கள் மனுவை எதிர்த்து வைத்த பெயர்கள் அல்ல இவை. அவரை யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

உண்ணாமுலை இந்தத் தேர்வில் எப்படித் தேறும்? நான்கு அசை, இரட்டைப்படை. ஆகாரத்தில் முடியவில்லை. பொருள் தெளிவு, ஆனால் அந்தத் தெளிவுதான் எல்லோருக்கும் சங்கடம். அபிதா மூன்று அசை, ஆகார ஈறு, உச்சரிக்க எளிது, அச்சமற்றவள் என்ற இனிய பொருள். சூத்திரம் படிக்காத ஒரு குடும்பம், சூத்திரத்துக்கு அட்சரம் பிசகாமல் ஒரு பெயரைக் கண்டுபிடித்திருந்தது.

கூச்சம் எப்போது வந்தது? பழைய இலக்கியத்தில் முலை என்பது கை கால் போல ஒரு சொல். கண்ணகி திருகி எறிந்தது முலைதான். இளங்கோ அதற்கு மறைசொல் தேடவில்லை. மதுரையில் தடாதகை மூன்று முலைகளோடு பிறந்தாள், சிவனைக் கண்டதும் ஒன்று மறைந்தது என்பதைப் பக்தர்கள் குழந்தைகளுக்கும் சொல்கிறார்கள். கோயிலில் அர்ச்சகர் ஒலிபெருக்கியில் சொல்லலாம். ஓதுவார் பாடலாம். ஆனால் 2002-ல் குட்டி ரேவதியின் கவிதைத் தொகுப்பு 'முலைகள்' என்ற தலைப்போடு வந்தபோது எத்தனை வசை, எத்தனை மிரட்டல். அவரும் மாலதி மைத்ரியும் சுகிர்தராணியும் சல்மாவும் எழுதியதைப் படிக்காதவர்கள்கூட ஆபாசம் என்று தீர்ப்புச் சொன்னார்கள். அந்த வருடங்களில் நான் ஆய்வு மாணவி. பேருந்தில் அந்தப் புத்தகத்துக்குச் செய்தித்தாள் அட்டை போட்டுப் படித்தேன்.

அட்டை போட்ட கதை அதோடு முடியவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் இளங்கலை வகுப்பின் வருகைப் பதிவேட்டில் ஒரு பெண்ணின் பெயர் உண்ணாமுலை என்றே, ஒரு பிழையுமில்லாமல், எழுதியிருந்தது. இருபாலரும் படிக்கிற வகுப்பு. முதல் நாள் பெயரைப் படிக்கத் தொடங்கியபோது அந்த வரி வரப்போவதைக் கண் முன்பே பார்த்துவிட்டது. பின்வரிசையில் ஏற்கெனவே சிரிப்பு. நான் "உண்ணா" என்று படித்து நிறுத்தினேன். அவள் எழுந்து "உள்ளேன் அம்மா" என்றாள். மூன்று வருடமும் அவள் உண்ணாதான். அவளைக் காப்பாற்றியதாக அப்போது நினைத்தேன். தேர்வு நுழைவுச்சீட்டில் கையெழுத்துப் போடும்போது அவள் முழுப்பெயரையும் நிறுத்தி நிதானமாக எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. சம்பந்தர் முதல் சொல்லாகப் பாடியதை ஒரு தமிழ் வாத்தியாரால் முப்பது பையன்கள் முன் வாசிக்க முடியவில்லை.

செங்கத்துப் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. பெயரின் பொருளை மட்டும் சொன்னேன்: குடிக்கப்படாத முலை, அவ்வளவுதான்மா, அச்சம் கிச்சம் ஒன்றும் இல்லை. அந்தப் பக்கம் சத்தமே இல்லை. தொடர்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு, "எனக்குப் பால் வரலம்மா" என்றாள்.

ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். மூன்றாம் நாள் காய்ச்சல். பால் கொஞ்சமாக வந்து நின்றுவிட்டது. மருத்துவர் எழுதிக் கொடுத்த பால் பவுடர்தான் இப்போது. பார்க்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதலில் கேட்பது அதைத்தான். பூண்டு சாப்பிடு, சுறாப்புட்டு சாப்பிடு, முருங்கைக்கீரை சாப்பிடு. சாப்பிட்டுச் சாப்பிட்டு வயிறு போகிறது. "பெத்தா மட்டும் போதுமா"ன்னு ஒரு பெரியம்மா முகத்துக்கு நேராகவே கேட்டார்களாம். "எம்.ஏ. படிச்சதுதான் மிச்சம்"னு இன்னொருவர். எம்.ஏ.வுக்கும் பாலுக்கும் என்ன தொடர்பு என்று எனக்கு விளங்கவில்லை. மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லையாம். அவர்தான் இரவில் எழுந்து தண்ணீர் கொதிக்கவைத்துப் பாலைக் கலந்து கொடுக்கிறார்.

"பேரைக் கேட்டா சிரிப்பு வருதும்மா" என்று சொல்லிவிட்டு அழுதாள். நான் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. தெய்வத்தின் பெயரை எடுத்து அவள் மார்பில் ஒட்டும் உரிமை எனக்கில்லை என்று பட்டது. காய்ச்சல் இப்போது இருக்கிறதா, பாலூட்டல் ஆலோசகர் யாராவது அரசு மருத்துவமனையில் இருக்கிறார்களா என்று விசாரித்தேன். பெயர் விஷயத்தில் அவசரம் வேண்டாம் என்றேன். பிறப்பை 21 நாளைக்குள் பதிந்துவிட்டால் போதும். பெயரை ஓராண்டு வரை கட்டணமில்லாமலும், அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டியும் சேர்த்துக்கொள்ளலாம். அது மட்டும்தான் அவளுக்கு உடனே பயன்பட்ட செய்தி.

தை பிறந்த பிறகு மறுபடி பேசினாள். பதினோராம் நாள் எல்லாம் நடந்ததாம். ஐயர் நெல்லில் 'அபிதா' என்று எழுதி, காதில் அபீதகுசாம்பாள் என்று சொன்னார். மாமியார் மடியில் வாங்கி உண்ணாமலை என்று மூன்று தரம் கூப்பிட்டார். கூட்டம் சாப்பிடப் போனபின் இவள் குழந்தையின் காதில் தானும் ஒரு பெயர் சொன்னாளாம், நடு எழுத்தை மாற்றாமல். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

அன்று மாமியார் அந்தக் கொள்ளுப்பாட்டியைப் பற்றி ஒன்று சொன்னார் என்றாள். அவளுக்கும் முதல் பிள்ளைக்குப் பால் இல்லையாம். அந்தப் பிள்ளைதான் இவள் வீட்டுக்காரரின் தாத்தா. காட்டு வேலைக்கு வந்த ஒருத்தி, அவளுக்கும் கைக்குழந்தை, ஏழெட்டு மாதம் தினமும் பொழுது சாய்ந்ததும் வந்து பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்து பால் கொடுத்துவிட்டுப் போவாளாம். உள்ளே விடமாட்டார்கள். குழந்தையைத்தான் வெளியே கொண்டுவந்து கொடுப்பார்கள்.

"அவங்க பேரு என்னன்னு கேட்டியா?" என்றேன்.

"கேட்டேங்கம்மா. மாமியாளுக்குத் தெரியல. அவங்க மாமியாரைக் கேட்டிருக்கணும்ன்றாங்க."

பதிவேட்டில் குழந்தையின் பெயர் இன்னும் எழுதப்படவில்லை.